மருந்துக்குச் சாகாத புல்

மலேசியாவின் டெங்கிலில் கார் நிறுத்தும் இடத்துச் சிமெண்டு விரிசலில் முளைத்த புல்லொன்றைப் பிடுங்கிப் பாருங்கள். இலேசில் வராது. அடித்தண்டு தட்டையாக, வெள்ளி பூசியதுபோல் வெளுத்திருக்கும். உச்சியில் விரல் விரித்த கை மாதிரி கதிர். கேழ்வரகுக் கதிரைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும்: இது கேழ்வரகின் காட்டுச் சொந்தம். தமிழில் திப்பராகி, மலாயில் சம்பாவ்.

இந்த மாதிரிப் புல்லை ஒழிக்கத்தான் நம் அம்மாக்களும் பாட்டிகளும் தோட்டங்களில் முதுகில் பம்பைச் சுமந்து, நிரை நிரையாக மருந்தடித்தார்கள். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி 1974இல் மலேசிய ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தது. 1997இல், தெலுக் இந்தானில், அதற்கு அசையாத திப்பராகியைக் கண்டார்கள்.

“குடிச்சுக் குடிச்சுப் புல்லுக்கு மருந்து பழகிடுச்சு” என்பது தோட்டத்துப் பேச்சு. நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். உண்மையில் எந்தச் செடியும் பழகவில்லை; மருந்து பட்ட சாதாரணச் செடி ஒவ்வொரு முறையும் செத்துத்தான் போனது.

செடிக்குள் ஒரு நொதி, புரதத்துக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் சிலவற்றைத் தயாரிக்க உதவுகிறது. கிளைபோசேட் அந்த நொதியின் குழிக்குள் போய் உட்கார்ந்து வேலையை நிறுத்திவிடும்; செடி மஞ்சளித்துக் காய்ந்துபோகும். ஆனால் ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கிறது. மரபணு நகலாகும்போது எங்கோ ஓர் எழுத்து தவறும். அப்படித் தவறியதில், நொதியின் 106ஆம் இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் செரின் வந்துவிட்டது. குழியின் வடிவம் சற்றே மாற, மருந்தால் சரியாக உட்கார முடியவில்லை. மருந்தைக் கண்டு வந்த மாற்றமல்ல இது, தற்செயலாக வந்தது. கூட்டத்தில் யாரும் கவனிக்காத ஒரு செடியாக அது நின்றிருக்கும். மருந்தடித்ததும் பக்கத்துச் செடிகளெல்லாம் மடிய, வெயிலும் நீரும் வெற்று மண்ணும் அதற்கே கிடைத்தன. அடுத்த மழைக்கு முளைத்தவை அதன் பிள்ளைகள். டார்வின் 1859இல் இயற்கைத் தேர்வு என்று விளக்கியது இதைத்தான்.

கதை அதோடு நிற்கவில்லை. 102ஆம் இடமும் சேர்ந்து மாறிய திப்பராகி மலேசியாவில் இருப்பதை 2015இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதற்குக் கிளைபோசேட் பொருட்டே இல்லை. ஆனால் இரட்டை மாற்றத்தைத் தாய், தந்தை இருவழியிலும் பெற்ற செடியில் அந்த நொதியே மந்தமாகிவிடுகிறது; செடி குறுகுகிறது, விதையும் குறைகிறது. மருந்து படாத நிரையில், பழைய திப்பராகிக்குப் பக்கத்தில் அது சவலைப்பிள்ளை.