ரயில் கணக்கில் மார்க் எங்கே நழுவுகிறது? பழவந்தாங்கல் பிளாட்பாரத்தில் நின்று பார்ப்போம்!

நங்கநல்லூர்க்காரர்களின் லோக்கல் ரயில் ஸ்டேஷன் பழவந்தாங்கல். பீச் - தாம்பரம் மின்சார ரயில் இங்கே நிற்கும். தென்மாவட்ட எக்ஸ்பிரஸ்கள் பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்காமல் போய்விடும். ரயில்வே தேர்வுக்குப் படிப்பவர்கள் வீட்டில் உட்கார்ந்து ஃபார்முலா மனப்பாடம் செய்வதைவிட, இங்கே பத்து நிமிஷம் நிற்பது மேல்.

ஆர்ஆர்பி என்டிபிசி முதல்கட்டத் தேர்வில் 90 நிமிடத்தில் 100 கேள்விகள். அதில் கணிதம் 30. ஒரு கேள்விக்குச் சராசரியாக 54 விநாடிதான். தப்பான பதிலுக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் போய்விடும். ரயில் கணக்கில் பலரும் சறுக்குவது வகுத்தலில் இல்லை, 'எந்தத் தூரம்?' என்பதில்தான்.

முதலில் வேகத்தை மாற்றிக்கொள்வோம். மணிக்கு 18 கி.மீ. என்றால் விநாடிக்கு 5 மீட்டர். அப்படியானால் 36-க்கு 10, 72-க்கு 20. 5/18 வந்த கதை இவ்வளவுதான்.

இப்போது ஒரு எக்ஸ்பிரஸ் வருகிறது. எல்எச்பி பெட்டி ஒன்று சுமார் 24 மீட்டர். 20 பெட்டிக்கு 480, இன்ஜினுக்கு 20, மொத்தம் 500 மீட்டர். வேகம் மணிக்கு 72 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் மூக்கு உங்களைத் தொடும்போது ஸ்டாப்வாட்சை அமுக்குங்கள். கடைசிப் பெட்டியின் பின்னால் பெரிதாக ஒரு எக்ஸ் குறி இருக்கும் இல்லையா, அது உங்களைத் தாண்டும்போது நிறுத்துங்கள். 500-ஐ 20-ஆல் வகுத்தால் 25 விநாடி. ஆக, இங்கே தூரம் என்பது ரயிலின் நீளமேதான்!

ஆளுக்குப் பதில் 300 மீட்டர் பிளாட்பாரத்தைக் கடந்தால்? மூக்கு உள்ளே நுழைவதில் தொடங்கி எக்ஸ் வெளியேறும் வரை 800 மீட்டர். 40 விநாடி.

சிக்கலே இனிமேல்தான். நீங்கள் 36 கி.மீ. வேகத்தில் போகும் லோக்கலில் ஜன்னலோரம் இருக்கிறீர்கள். அதே திசையில் அந்த எக்ஸ்பிரஸ் முந்துகிறது. உங்கள் கண்ணுக்கு அதன் வேகம் விநாடிக்கு 20 இல்லை, 20-லிருந்து 10 போக மிச்சம் 10 மீட்டர்தான். எனவே 50 விநாடி. லோக்கலின் நீளம் 250 மீட்டர் என்றும் கேள்வியில் கொடுத்திருப்பார்கள். அதைக் கூட்டினால் 75 வரும். ஆப்ஷனிலும் 75 காத்திருக்கும். 'பயணியைக் கடக்க' என்றால் 50, 'லோக்கலைக் கடக்க' என்றால் 75. எதிர்த்திசை என்றால் வேகங்களைக் கூட்டணும். அப்போது முழு லோக்கலையும் கடக்க வெறும் 25 விநாடிதான்.

சராசரி வேகத்திலும் இதே மாதிரி ஒரு பொறி உண்டு. பீச் - தாம்பரம் கிட்டத்தட்ட 30 கி.மீ. போகும்போது 30 கி.மீ. வேகம், வரும்போது 60. சராசரி 45 என்று கை தானாகப் போகும். ஆனால் போக ஒரு மணி, வர அரை மணி. 60 கி.மீ.யை ஒன்றரை மணியில் கடந்தால் வேகம் 40.