உங்களுக்குத் தெரியுமா?

பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரிக்குப் பெயர் கொடுத்த பெண்மணி, தாமிரபரணியைக் கண்ணால் கண்டதே இல்லை. இந்தியாவுக்கே வந்ததில்லை!

● இங்கிலாந்தில் நோயாளியாக வாழ்ந்தவர் சாராள். சகோதரர் ஜான் தக்கர் சென்னையில் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷன் செயலாளர். அந்த வழியாகத்தான் நெல்லைச் சீமை அவருக்குப் பழக்கம்.

● தென்னிந்திய மிஷன் பணிகளைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அதோடு விட்டாரா? கனடா, நைஜீரியா, நியூசிலாந்து என்று தொலைதேசங்களைப் பற்றியும் நாட்டுக்கொரு நூல். எல்லாம் வீட்டில் இருந்தபடியே!

● 1857-இல் அவர் மறைந்தார். அவர் நினைவாக நண்பர்கள் திரட்டிய பணத்தில், பெண் ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளி பாளையங்கோட்டையில் எழுந்தது. பள்ளிக்கூடம் போகும் பெண்களே அரிதாக இருந்த காலம் அது.

● அங்கிருந்து கிளைத்த கல்லூரிக்கு வயது 1895-இலிருந்து கணக்கு. பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது: முதலில் சென்னை, பிறகு மதுரை, 1990-இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தொடங்கியபின் உள்ளூரிலேயே.

பெருமாள்புரம் பக்கம் போனால் பெயர்ப்பலகையை ஒருமுறை நின்று பாருங்கள்.