வீட்டுக்கல்வியில் வரலாற்றுப் பாடம்: இருபது அத்தியாயங்களை ஏழு கொத்தாக்குவோம்



பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கும் தமிழ்க் குடும்பங்கள் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் உண்டு. தமிழ்மொழிப் பாடத்தில் சந்தேகம் வந்தால் அவர்கள் தேடி வருவது நம்மைப் போன்ற தமிழாசிரியர்களைத்தான். ஆனால் பேச்சு தமிழில் தொடங்கினாலும் கடைசியில் வரலாற்றில் வந்து நிற்கிறது. "டீச்சர், மத்த பாடமெல்லாம் எப்படியோ ஓடுது. இந்த செஜாராதான் மலை மாதிரி நிக்குது. எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல." படிவம் 4, 5 வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் கேட்கும் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லலாம் என்பதற்காகவே இந்தக் கட்டுரை. நம் உறுப்பினர்கள் இதை அப்படியே பெற்றோரிடம் கொடுக்கலாம்.

சுமை எங்கிருந்து வருகிறது?

பள்ளியில் ஓர் ஆசிரியர் இருக்கிறார். எதை விரிவாகச் சொல்வது, எதைத் தொட்டுவிட்டுப் போவது என்று அவர் முடிவு செய்கிறார். வீட்டில் அந்த முடிவை எடுக்க ஆள் இல்லை. அதனால் பயத்தில் எல்லாவற்றையும் வாங்கி வைக்கிறோம். இரண்டு பாடநூல்கள், இரண்டு மூன்று பயிற்சி நூல்கள், கடந்த ஆண்டுக் கேள்விகள். போதாக்குறைக்கு எகிப்திலிருந்து தொடங்கும் வெளிநாட்டு உலக வரலாற்றுத் திட்டம் வேறு. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே ஒரு முழுப் பாடம். மூன்று பாடங்களை ஒரே பிள்ளை தலையில் ஏற்றிவிட்டு, "ஏன் இவன் சோம்பேறியா இருக்கான்?" என்று கேட்கிறோம்.

சுமை கூடிவிட்டது என்பதற்கு ஓர் எளிய அடையாளம் உண்டு. பிள்ளையின் பாடநூலைத் திறந்து பாருங்கள். பக்கம் முழுக்க மஞ்சள் கோடு போட்டிருந்தால், எது முக்கியம் என்று அவனுக்குத் தெரியவில்லை என்று பொருள். அவனுக்குத் தேவை இன்னொரு பயிற்சி நூல் அல்ல. தேர்ந்தெடுத்துக் கொடுக்க ஒரு பெரியவர் தேவை.

முதலில் எந்தத் தேர்வு என்று முடிவெடுங்கள்

பிள்ளை தனியார் தேர்வராக எஸ்.பி.எம். எழுதப் போகிறானா, அல்லது கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. போன்ற வேறு தேர்வா? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் பாடத்தைக் குறைக்கவே முடியாது. ஐ.ஜி.சி.எஸ்.இ.யில் வரலாறு விருப்பப் பாடம்தான். எஸ்.பி.எம்.மில் அப்படியில்லை. மலாய்மொழியோடு வரலாற்றிலும் கட்டாயம் தேர்ச்சி பெற வேண்டும் என்ற விதி 2013 முதல் நடப்பில் உள்ளது. மற்ற பாடங்களில் எத்தனை ஏ வாங்கியிருந்தாலும், வரலாற்றில் தோற்றால் சான்றிதழ் கிடைக்காது. அதனால்தான் இந்த ஒரு பாடத்தை மட்டும் "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போட முடியவில்லை.

எஸ்.பி.எம்.தான் என்றால், பாடநூல் மட்டுமே மூல நூல். பயிற்சி நூல் ஒன்று போதும். உலக வரலாற்றுத் திட்டத்தை அலமாரியில் வையுங்கள். அதைத் தூக்கி எறிய வேண்டாம். நம் பாடத்தோடு அது சேரும் இடத்தில் மட்டும் எடுத்துப் படிக்கட்டும். இரண்டாம் உலகப் போர் முழுவதும் இப்போது வேண்டாம். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியதற்கு முன்னும் பின்னும் நடந்தது போதும்.

ஏழு கொத்துகள்

படிவம் 4-இல் பத்து அத்தியாயங்கள், படிவம் 5-இல் பத்து. இருபது தலைப்புகளையும் வரிசையாகப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். கதையாகப் பார்த்தால் ஏழு கொத்துகளில் அடங்கிவிடும்.

1. பழைய அரசு: படிவம் 4, அத்தியாயம் 1. மலாக்கா போன்ற அரசுகள் எவற்றால் ஆனவை? ஆட்சி, குடிகள், இறையாண்மை, சட்டம்.
2. விழிப்பும் போரும்: படிவம் 4, அத்தியாயம் 2, 3. தேசிய உணர்வு, ஜப்பானியர் ஆட்சி.
3. பிரிட்டிஷார் திரும்பி வந்தபோது: படிவம் 4, அத்தியாயம் 4, 5, 6. மலாயன் யூனியன், 1948 கூட்டரசு, அவசரகாலம்.
4. சுதந்திரத்துக்கான பாதை: படிவம் 4, அத்தியாயம் 7, 8, 10. பேச்சுவார்த்தை, தேர்தல், பிரகடனம்.
5. நாடு எப்படி இயங்குகிறது: படிவம் 4, அத்தியாயம் 9, அதோடு படிவம் 5, அத்தியாயம் 1 முதல் 4 வரை. அரசியலமைப்பு, மாமன்னர், நாடாளுமன்றம், கூட்டரசு.
6. மலேசியா பிறந்தது: படிவம் 5, அத்தியாயம் 5, 6.
7. நாட்டைக் கட்டியது: படிவம் 5, அத்தியாயம் 7 முதல் 10 வரை. கொள்கைகள், வெளியுறவு, உலக அரங்கு.

படிவம் 4-இன் ஒன்பதாம் அத்தியாயத்தை இடம் மாற்றியிருக்கிறேன். 1957 அரசியலமைப்பைப் படித்துவிட்டு, ஓராண்டு கழித்து மறுபடியும் அரசியலமைப்பைத் தொடுவது பள்ளிக்குச் சரி. வீட்டில் இரண்டையும் சேர்த்தே படித்துவிடலாம். பள்ளியில் செய்ய முடியாத இந்த மாதிரி மாற்றத்தை வீட்டில் தாராளமாகச் செய்யலாம்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. எந்த அத்தியாயத்தையும் முழுசா விட்டுவிடாதீர்கள். கேள்வி எங்கிருந்தும் வரலாம். குறைக்க வேண்டியது ஆழத்தைத்தான். 3, 4, 5, 6 ஆகிய கொத்துகளை நன்றாகப் படிக்கட்டும். ஏழாவதை ஓர் அட்டவணையாகப் போட்டுக் கொள்ளலாம்: கொள்கையின் பெயர், ஆண்டு, நோக்கம், விளைவு. 1971-இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கை முதல் 1991-இல் அறிவிக்கப்பட்ட 2020 தூரநோக்கு வரை அந்த அட்டவணையில் அடங்கிவிடும்.

பத்து ஆண்டுகள் போதும்

பிள்ளைகளை விரட்டுவது தேதிதான். எல்லாத் தேதியையும் மனப்பாடம் செய்யச் சொன்னால் ஒன்றும் நிற்காது. முதலில் பத்து ஆண்டுகளை மட்டும் சுவரில் ஒட்டுங்கள்.

1941: ஜப்பானியர் வருகை. 1946: மலாயன் யூனியன். 1948: மலாயாக் கூட்டரசு, அவசரகாலம். 1951: ஜார்ஜ்டவுனில் நகராட்சித் தேர்தல். 1955: முதல் பொதுத்தேர்தல், 52 இடங்களில் 51 கூட்டணிக் கட்சிக்கு. 1957: சுதந்திரம். 1960: அவசரகாலம் முடிவு. 1963: மலேசியா. 1965: சிங்கப்பூர் பிரிவு. 1969: மே 13.

இந்தப் பத்தையும் பார்க்காமல் சொல்லத் தெரிந்த பிறகு, ஒவ்வோர் ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் நடுவில் "ஏன்?" என்று ஒரு கேள்வி போடச் சொல்லுங்கள். 1946-இல் வந்தது 1948-இல் ஏன் போனது? 1963-இல் சேர்ந்தது 1965-இல் ஏன் பிரிந்தது? மற்ற தேதிகள் இந்தப் பதில்களோடு தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகளுக்குத் தேவைப்படுவதும் இந்த "ஏன்"தான்.

ஒரு மாதிரிப் பாடம்

மூன்றாம் கொத்தை எடுத்துக்கொள்வோம். 1946 ஏப்ரல் 1-இல் மலாயன் யூனியன் வந்தது. சுல்தான்களின் அதிகாரம் குறைந்தது. குடியுரிமை விதி தளர்வாக இருந்தது. மலாய்க்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதே ஆண்டு மே மாதம் அம்னோ தோன்றியது. 1948 பிப்ரவரி 1-இல் மலாயாக் கூட்டரசு அமைந்தது. குடியுரிமை விதியும் இறுகியது. பாடநூலில் இது பல பக்கம். பிள்ளை படித்து முடித்ததும் ஒரு கணக்குக் கொடுங்கள்.

"உன் கொள்ளுத்தாத்தா 1935-இல் தமிழ்நாட்டிலிருந்து கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்தார்னு வச்சுக்குவோம். வெளிநாட்டில் பிறந்தவர் விண்ணப்பிக்கணும்னா, முந்திய 25 வருசத்தில் 15 வருசம் இங்க இருந்திருக்கணும். இது 1948 விதிகளில் ஒன்று. அந்த வருசம் அவருக்குக் குடியுரிமை கிடைச்சிருக்குமா?"

பிள்ளை விரல் விட்டு எண்ணுவான். பதின்மூன்று வருடம்தான். கிடைத்திருக்காது. அடுத்த கேள்வியை அவனே கேட்பான்: "அப்புறம் எப்படிக் கெடைச்சுது?" அங்கிருந்து 1957 அரசியலமைப்புக்குப் போகலாம். சுதந்திர தினத்தன்றும் அதன் பிறகும் மலாயாவில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள் என்று அன்றைய விதி சொன்னது. இந்தக் கணக்கைச் செய்த பிள்ளைக்குக் குடியுரிமை என்ற பகுதி மறக்காது. அது அவன் வீட்டுக் கதையாகிவிட்டது.

இரண்டாம் கொத்துக்கும் இப்படி ஒரு வாசல் உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச்.நாதன் முன்னின்றார், பிறகு கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். சம்பள உயர்வு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. தோட்ட அதிகாரிகளைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு, மரியாதை கேட்டு எழுந்த குரலைப் புரிய வைக்க இந்தச் சைக்கிள் ஒன்று போதும். பத்து நிமிடம் இதைப் பேசிவிட்டுப் பாடநூலுக்குத் திரும்புங்கள்.

பேசுவது தமிழில், எழுதுவது மலாயில்

இது நம் பிள்ளைகளுக்கே உரிய சிக்கல். தேர்வு மலாய்மொழியில். வீட்டில் பேச்சு தமிழிலோ ஆங்கிலத்திலோ. பாடம் புரியாததுபோல் தெரிவது பல நேரம் சொல் புரியாததுதான். அதனால் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். படித்ததை அம்மாவிடமோ அப்பாவிடமோ தமிழில் கதையாகச் சொல்லட்டும். பிறகு அதையே மலாயில் ஒரு பத்தியாக எழுதட்டும்.

ஒரு சிறிய சொல் நோட்டும் வேண்டும். 'கெடௌலாத்தான்' என்றால் இறையாண்மை. 'பெர்லெம்பாகாஆன்' அரசியலமைப்பு. 'கெரக்யாத்தான்' குடியுரிமை. 'டாருராட்' அவசரகாலம். 'பெர்செகுத்துவான்' கூட்டரசு. ஓர் அத்தியாயத்துக்குப் பத்துச் சொற்கள் போதும். இந்த இடத்தில் தமிழாசிரியர்களாகிய நாம் பெரிய உதவி செய்யலாம். சரியான தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் மலாய்ச் சொல்லின் பொருள் பிள்ளை மனத்தில் பதியும்.

வாரத்துக்கு நான்கு முறை

ஒரு முறைக்கு 45 நிமிடம், வாரத்துக்கு நான்கு முறை, இரண்டு வாரத்துக்கு ஓர் அத்தியாயம். நாற்பது வாரத்தில் இருபதும் முடியும். கையில் இரண்டு ஆண்டு இருந்தால் இன்னும் நிதானமாகப் போகலாம்.

முதல் நாள் சில பக்கங்களை வாசிப்பது. இரண்டாம் நாள் புத்தகத்தை மூடிவிட்டுத் தமிழில் சொல்வது. மூன்றாம் நாள் மலாயில் எழுதுவது. நான்காம் நாள் கேள்விகள். முதல் தாளில் 40 புறவயக் கேள்விகள் வரும். அதற்கு வாரம் பத்துக் கேள்வி செய்தால் போதும். இரண்டாம் தாளின் அமைப்புக் கேள்விக்கும் கட்டுரைக்கும் மூன்றாம் நாள் எழுத்தே பயிற்சி. 45 நிமிடம் முடிந்தால் மூடிவிடுங்கள். "இன்னும் ரெண்டு பக்கம்தானே" என்று இழுத்தால் மறுநாள் பிள்ளை உட்காரவே மாட்டான்.

மாதம் ஒருமுறை வெளியே போங்கள். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு கே.எல். சென்ட்ரலிலிருந்து தேசிய அரும்பொருளகம் நடக்கும் தூரம்தான். கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான்காம் கொத்துக்கு மெர்டேக்கா அரங்கமும் மெர்டேக்கா சதுக்கமும். முழு நாள் சுற்ற வேண்டாம். ஒரு கேள்வியை மட்டும் எழுதிக்கொண்டு போய், பதிலோடு திரும்பினால் போதும்.

பெற்றோரிடம் என்ன சொல்லலாம்?

குறைத்தால் பிள்ளை பின்தங்கிவிடுவானோ என்ற பயம் நியாயமானதே. ஆனால் எல்லாவற்றையும் திறந்து எதையும் முடிக்காமல் விடுவதைவிட, குறைவாக எடுத்து அதைச் சொல்லத் தெரிந்தவனாக ஆவது மேல். முதல் மாத முடிவில் ஒரு சோதனை செய்து பாருங்கள். படித்த ஓர் அத்தியாயத்தைப் புத்தகம் பார்க்காமல் ஐந்து நிமிடம் பேச முடிந்தால் வேகம் சரி. முடியாவிட்டால் பக்கங்களை இன்னும் குறையுங்கள். நாள்களைக் கூட்ட வேண்டாம்.

உங்களைத் தேடி வரும் பெற்றோரிடம் முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள்: பிள்ளை எந்தத் தேர்வு எழுதப் போகிறான்? மேசை மேல் எத்தனை வரலாற்றுப் புத்தகம் இருக்கிறது? இரண்டாவது கேள்விக்குப் பதில் மூன்றுக்கு மேல் என்றால், வேலையை அங்கிருந்தே தொடங்குங்கள்.