கடல் கடந்து வந்த அமானிதம்



திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில்தான் 1982ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவர்கள் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கிராமங்களில் தொடங்கிய அத்திட்டம் அவ்வாண்டு செப்டம்பரிலேயே நகரங்களுக்கும் விரிந்தது. காவிரியின் இக்கரையில் திருச்சியிலும், அக்கரையில் ஸ்ரீரங்கத்திலும் ஏழைப் பிள்ளைகள் பள்ளியிலேயே பசியாறினர்.

அதற்கு முந்திய வரலாற்றை நம்மில் பலர் மறந்துவிட்டோம். 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவு, ஊராரின் நன்கொடையாலும் அரசின் உதவியாலும் நடந்தது. 1961 முதல் 'கேர்' என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் பால் பவுடர், எண்ணெய் முதலியவற்றை அனுப்பித் துணை நின்றது. நம் முகம் கண்டறியாதவர்களின் கொடை நம் பிள்ளைகளின் தட்டுக்கு வந்தது.

கல்விக்காகப் பிறரிடம் உதவி பெறுவது இழிவாகுமா? பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் மீட்புத் தொகை செலுத்த இயலாத, எழுதத் தெரிந்தவர்கள், மதீனத்துச் சிறுவர்களுக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெறப் பெருமானார் (ஸல்) அவர்கள் இசைந்தார்கள். பகைவரிடமிருந்தும் பெறத்தக்க செல்வம் கல்வி என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆயினும் அயலார் உதவி என்றும் நிலைத்திராது. செல்வ நாடுகள் தம் வருவாயில் நூற்றுக்கு 0.7 பங்கை ஏழை நாடுகளுக்கு அளிக்க வேண்டுமென 1970இல் ஐ.நா. பொதுச்சபை கூறியது. அதனை எட்டிய நாடுகள் இன்றும் மிகச் சிலவே. 2025இல் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவி நிறுவனத்தையே மூடிவிட்டது. பல நாடுகளில் கல்விப் பணிகள் பாதியில் நின்றன.

தமிழகத்திலோ பிள்ளைகளின் தட்டு காலியாகவில்லை. அச்செலவை நம் அரசே மக்களின் வரிப்பணத்தில் ஏற்றுக்கொண்டதே காரணம். பிறர் ஊன்றிய விதைக்கு நாமே நீர் வார்த்தால்தான் அது மரமாகும்.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். 1951இல் ஜமால் முஹம்மது சாஹிப், காஜாமியான் ராவுத்தர் ஆகிய பெருமக்கள் நிறுவிய ஜமால் முஹம்மது கல்லூரி, இன்றும் திருச்சியில் பல சமயத்து மாணவர்களுக்கும் கல்வி வழங்குகிறது.

பெற்ற உதவி ஓர் அமானிதம். அதை அடுத்தவர் கையில் ஒப்படைத்தாலன்றிக் கடன் தீராது. இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்புமுன் ஒன்று விசாரியுங்கள்: கட்டணம் செலுத்த வழியின்றிப் படிப்பை நிறுத்திய பிள்ளை நம் மஹல்லாவில் யார்? அண்டை வீட்டார் எச்சமயத்தவராயினும் அவர்தம் பிள்ளையையும் சேர்த்தே எண்ணுங்கள். அப்பிள்ளை மீண்டும் பள்ளிப் படியேற நம் பொருள் துணையாகட்டும். வல்ல அல்லாஹ் அந்நல்லெண்ணத்தை நமக்கு அருள்வானாக!