புதிய வித்தும் நாட்டின் சட்டமும்

நெல்லிலும் கத்தரியிலும் பரம்பரையலகை மாற்றி விஞ்ஞானிகள் புதிய இனங்களை ஆக்கியுள்ளனர். அவற்றின் குணத்தை ஆராய்ந்து கூறுவது விஞ்ஞானம். நாட்டினுள் அனுமதிப்பதா என்று முடிவு செய்வது அரசு.

2001 ஆம் ஆண்டில் இத்தகைய உணவுகளின் இறக்குமதியை இலங்கை அரசு தடைசெய்ய முற்பட்டது. தீமை நிரூபிக்கப்படுமுன்னரே காத்துக்கொள்ளல் நன்று என்பது அதன் கருத்து. போதிய விஞ்ஞானச் சான்றின்றித் தடுப்பது உலக வாணிப விதிகளுக்கு முரணென அமெரிக்கா ஆட்சேபித்தது, தடை ஒத்திவைக்கப்பட்டது. பின்னர் 2006 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள், தடைக்குப் பதிலாக, முன்னனுமதியையும் பொதியின் மேல் குறிப்பையும் கட்டாயமாக்கின.

இவ்வாறு சான்றும் வாணிபமும் மக்கள் விருப்பும் கூடியே சட்டம் உருவாகின்றது. ஆதலால், ருவான்வெல்லைக் கமக்காரர் தம் வயலிலும் தோட்டத்திலும் கண்டவற்றைக் குறித்துவைத்து, கமக்காரர் அமைப்பின் மூலம் எடுத்துரைத்தல் வேண்டும். மூலம் தெரியாத வித்தை விதைக்குமுன் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக.