ஒரு சுற்றுக்கு ஒன்றே முக்கால் மில்லிமீட்டர்

வீட்டுக் கொட்டகையில் கார் கட்டுகிறவர்களின் சாமர்த்தியமெல்லாம் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஒரு மரையில் இருக்கிறது. உயிரும் அதில்தான்.

சொந்தமாகக் கார் கட்டுவது பிரிட்டனில் பழைய பித்து. 1957-ல் காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் 'செவன்' என்ற இருவர் காரைக் கொண்டுவந்து, அதை உதிரிகளாகவும் விற்றது. முழுக் காருக்கு இருந்த கொள்முதல் வரி உதிரிகளுக்கு இல்லை. 1973-ல் வாட் வந்ததும் சலுகை போயிற்று; பித்து போகவில்லை. 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று ஆசை காட்டி ரான் சாம்பியன் 1996-ல் எழுதிய புத்தகம், சதுரக் குழாயும் வெல்டிங் மெஷினும் வைத்திருந்தவர்களை மறுபடி கொட்டகைக்குள் தள்ளியது.

அந்தப் புத்தகத்துக் காரின் பின்பக்கம் எளிமையானது. நம் அம்பாசடரில் இருந்தது போல இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு. ஒன்று குழியில் இறங்கினால் மற்றதும் சாயும். இதில் திருப்திப்படாதவர்கள் சக்கரங்களைத் தனித்தனியே இயங்கவிட விரும்புகிறார்கள். அதற்குத்தான் விஷ்போன்.

கோழியின் கழுத்தடியில் உள்ள கவட்டை எலும்பின் பெயர் இது. உண்டிவில்லின் கவட்டையைப் படுக்கப்போட்டால் விஷ்போன்: இரு கிளைகள் காரின் சட்டத்தில், முனை சக்கரத்தைத் தாங்கும் ஹப்பில். மேலே ஒன்று, கீழே ஒன்று. ஹப் இரண்டு முனைகளில் மட்டும் நிற்பதால் கதவு போலத் திரும்பப் பார்க்கும். முன்சக்கரத்தில் அதைக் கட்டுப்படுத்துவது ஸ்டியரிங் கம்பி. பின்னால் அதே வேலைக்கு, சட்டத்தோடு பிணைத்த மூன்றாவது கம்பி ஒன்று வேண்டும்.

கார் கம்பெனியில் எல்லாப் பாகங்களையும் ஜிக் இம்மி பிசகாமல் பிடித்துக்கொள்ளும். கொட்டகையில் அந்த வசதி ஏது? வெல்டிங் சூட்டில் குழாய் இழுத்துக்கொள்ளும். பிராக்கெட் 3 மி.மீ. தள்ளிப்போய் உட்காரும். மேல் மூட்டுக்கும் கீழ் மூட்டுக்கும் இடையே 250 மி.மீ. இருந்தால், அந்த 3 மி.மீ. பிசகு சக்கரத்தை ஏறக்குறைய 0.7 டிகிரி சாய்த்துவிடும். அலைன்மென்ட் கடைக்காரர் சொல்லும் 'கேம்பர்' இதுதான். இடது சக்கரம் ஒரு விதமாகவும் வலது சக்கரம் வேறு விதமாகவும் சாய்ந்தால், கார் இடது வளைவில் ஒரு குணம், வலது வளைவில் ஒரு குணம் காட்டும். 'டோ' இன்னும் ஆபத்து. பின்சக்கரங்களின் முன்விளிம்பு வெளிப்பக்கம் விரிந்திருந்தால் வளைவில் காரின் வால் வழுக்கிக்கொண்டு போகும். அதனால் அவற்றைச் சற்று உள்நோக்கியே வைப்பார்கள்.

ஆக, நீளத்தைக் கூட்டிக் குறைக்க வழி வேண்டும். விஷ்போன் கிளைகளின் நுனியில் மரையுள்ள ராட் எண்டைப் பொருத்துவது வழக்கம். 12 மி.மீ. மரையின் வழக்கமான புரியில் ஒரு சுற்றுக்கு 1.75 மி.மீ. நகரும், அதாவது 0.4 டிகிரி. ஆனால் கவட்டையை முழுதாகச் சுழற்ற முடியாது. போல்ட்டைக் கழற்றி, ராட் எண்டை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பி மாட்ட வேண்டும். மூன்றாவது கம்பிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு முனையில் வலது மரை, மறுமுனையில் இடது மரை போட்டால் கம்பியைத் திருகினாலே போதும். ஒரு சுற்றுக்கு 3.5 மி.மீ. நகரும்.

மரையை எங்கே வைப்பது என்பதுதான் உயிர்ப் பிரச்சினை. சட்டத்தின் பக்கம் வைத்தால் அதன் மேல் விழுவது பெரும்பாலும் தள்ளலும் இழுவையும்தான். கீழ் விஷ்போனின் வெளிமுனையில் வைத்தாலோ, பிரேக் பிடிக்கும்போதெல்லாம், வளையும்போதெல்லாம், மரைத்தண்டு வளைந்து நிமிரும். புரியின் அடிப்பள்ளத்தில் தொடங்கும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாள் முறியும். கழற்றி மாட்டச் சுலபம் என்று இந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது சோம்பேறித்தனம் என்றுதான் சொல்ல வேண்டும். கேம்பருக்கு இதைவிட நல்ல உபாயம், மேல் மூட்டுக்கும் ஹப்புக்கும் நடுவே மெல்லிய தகடுகளைச் செருகுவது. 1 மி.மீ. தகடு ஏறக்குறைய கால் டிகிரி தரும். அவிழ அதில் மரையே இல்லை.

பிரிட்டனில் 1998 முதல் இத்தகைய கார்களைத் தனியே பரிசோதித்துத்தான் பதிவு செய்கிறார்கள். 2009-ல் அந்தச் சோதனை மேலும் கடுமையானது. நம் நாட்டில் நிலைமை வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது. புதிதாக ஒன்றைக் கட்டினாலோ, மாதிரி வண்டியைச் சோதனை நிறுவனத்தில் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். தனி ஆளுக்குக் கட்டுப்படியாகிற காரியமல்ல.

எனவே இந்தப் பித்து இங்கே பொறியியல் கல்லூரிப் பட்டறைகளில் குடியேறியிருக்கிறது. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் 'பார்முலா பாரத்' போட்டிக்கு மாணவர்கள் தாங்களே வடிவமைத்த ஒற்றை இருக்கைப் பந்தயக் காரோடு வருகிறார்கள். இத்தகைய மாணவர் போட்டிகளில் கார் ஓடுவதற்கு முன் பரிசோதகர்கள் குனிந்து அடியில் பார்ப்பார்கள். ராட் எண்ட் இருபுறமும் பிராக்கெட்டால் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல், உள்ளே உள்ள குண்டு கழன்றாலும் கம்பி நழுவாதபடி பெரிய வாஷர் இருக்க வேண்டும். லாக் நட் இறுகியிருக்க வேண்டும். கவனமுள்ள மாணவர்கள் நட்டின் மேலும் தண்டின் மேலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டிருப்பார்கள். ஓட்டிவிட்டு வந்து பார்க்கும்போது கோடு உடைந்திருந்தால், நட்டு நகர்ந்திருக்கிறது.