உலோகம் வெட்டுதலில் திண்ம உராய்வுநீக்கிகள்

உருக்குத் துண்டொன்றைக் கடைசற்பொறியிற் பூட்டிச் சுழற்றி, அதன்மீது வெட்டலகை அழுத்துங்கால் சீவல் சுருண்டு கழல்வதைத் தொழிற்கூடங்களிற் பலரும் கண்டிருப்பர். இச்செயலிற் செலவாகும் சத்தியின் பெரும்பங்கு வெப்பமாகவே மாறுகின்றது. உலோகம் உருமாறுவதாற் பிறக்கும் வெப்பம் ஒன்று. சீவல் அலகின் முகத்தை உரைஞ்சிக்கொண்டு செல்வதாற் பிறக்கும் வெப்பம் மற்றொன்று. அலகு மழுங்குவதற்கும் செய்பொருளின் பரப்புக் கரடாவதற்கும் இவ்வுரைஞ்சலே பெரிதும் காரணமாகின்றது.

இதனைத் தணிக்க நீர்மம் ஊற்றும் வழக்கம் பழையது. அமெரிக்காவின் மிட்வேல் உருக்காலையிற் பணியாற்றிய பிரெடெரிக் ரெயிலர், சீவல் கழலும் இடத்தில் நேரே நீர்த்தாரை விழச் செய்தால் வெட்டும் வேகத்தை 30 முதல் 40 சதவீதம் வரை கூட்டலாமென 1883 அளவிற் கண்டார். துருப்பிடியாதிருத்தற்பொருட்டு அந்நீரிற் சோடா கரைக்கப்பட்டது. பின்னர் எண்ணெயும் நீரும் கலந்த பால்மங்கள் வழக்கிற்கு வந்தன.

ஆயின், இந்நீர்மங்கள் உண்மையிற் செய்வது யாது? அலகின் நுனியருகே அழுத்தம் மிகப் பெரிது. அங்கே அலகைத் தொடும் சீவலின் அடிப்பரப்போ அக்கணமே பிறந்த தூய உலோகம். அலகோடு ஒட்டிக்கொள்ளவே அது முனைகின்றது. விரைவான வெட்டில் நீர்மம் அவ்விடைவெளியினுட் புகுதற்கு வழியும் இல்லை, நேரமும் இல்லை. ஆதலின் அது குளிர்விக்கின்றதே தவிர, உராய்வை நீக்குவது சிறிதேயாம்.

இதற்குத் தொழிலாளி கொடுக்கும் விலையையும் எண்ணவேண்டும். நாள் முழுதும் நீர்மத்தில் நனையும் கை தோலழற்சிக்கு ஆளாகின்றது. தெறித்தெழும் நுண்டுளிகள் சுவாசப்பையைத் தாக்குகின்றன. நீர் கலந்த பால்மத்திற் பற்றீரியாக்களும் பெருகுகின்றன. ஒரு கனமீற்றர் வளியில், நெஞ்சறை வரை செல்லவல்ல இத்துணிக்கைகள் 0.4 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என அமெரிக்கத் தேசிய தொழிற் பாதுகாப்பு, சுகாதார நிறுவகம் 1998இற் பரிந்துரைத்தது. கழிவு நீர்மத்தை எங்கே ஊற்றுவது என்பது வேறொரு தொல்லை. திண்ம உராய்வுநீக்கிகளை ஆய்வாளர் நாடியமைக்கு இவையும் காரணங்களாம்.

வன்மையான பரப்பின்மேல் மெல்லியதும் எளிதில் வழுக்கிக் கொடுப்பதுமான படலம் ஒன்று இருப்பின் உராய்வு குறையும். பாரத்தை வன்மையான அடித்தளம் தாங்குகின்றது. வழுக்குதலை மென்படலம் ஏற்கின்றது. இக்கொள்கையைக் கேம்பிரிட்சு அறிஞராகிய பௌடனும் ரேபரும் 1950இல் வெளியான தம் நூலில் விளக்கினர். இதற்கு நல்ல சான்று நம் நாட்டுக் காரீயம். (தமிழகத்தில் இச்சொல் ஈயத்தைக் குறிக்கும், இங்கே நாம் கருதுவது பென்சிற்கரியாகிய காபன்.) போகலையிலும் ககட்டகஹவிலும் நரம்பு நரம்பாகக் கிடைக்கும் இதன் தூய்மை உலகறிந்தது. இதன் ஒரு படையினுள் அணுக்களின் இடைத்தூரம் 0.142 நனோமீற்றர், படைக்கும் படைக்கும் இடையிலோ 0.335 நனோமீற்றர். படையினுள்ளே பிணைப்பு வலிது, படைகளுக்கிடையே மெலிது. ஆதலின் படைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. பென்சில் தாளில் எழுதுவதும் இதனாலேயே.

எனினும் இவ்விளக்கம் முழுமையானதன்று. இரண்டாம் உலகப் போரில் மிக உயரத்திற் பறந்த விமானங்களின் மின்பிறப்பாக்கிகளிலே காபன் தூரிகைகள் மிக விரைவாகத் தேய்ந்து பொடியாயின. இதனை ஆராய்ந்த சவேச் என்பார், காரீயம் வழுக்குதற்கு நீராவி போன்றதோர் ஆவி வேண்டும் என 1948இற் காட்டினார். படைகளின் ஓரங்களிலே பிணைப்பின்றி நிற்கும் அணுக்களை அவ்வாவி அமைதிப்படுத்துகின்றது. உலர்ந்த மேல்வளியில் அதற்கு இடமில்லை. ஈரப்பதன் மிக்க நம் தொழிற்கூடங்களில் இக்குறை தோன்றாது.

மொலிப்தனமிருசல்பைட்டோ இதற்கு மாறானது. மொலிப்தனப் படையை இருபுறமும் கந்தகப் படைகள் மூடிநிற்பதால் அதற்கு ஆவி தேவையில்லை; வெற்றிடத்திலும் நன்கு வழுக்கும். ஆயினும் வளியில் ஏறக்குறைய 400 பாகை சதமவளவையில் ஒட்சியேற்றம் அடைகின்றது. உருக்கை விரைந்து வெட்டும் அலகின் முகத்தில் வெப்பநிலை இதனினும் மிக மேலே செல்லும். எனவே புரி வெட்டுதல் போன்ற மெதுவான வேலைகளிலேதான் அதனை முழுதும் நம்பலாம் என்பது என் கருத்து. கடும் வெப்பத்திற்குப் போரன் நைத்திரைட்டு, கல்சியம் புளோரைட்டு ஆகியன ஏற்றவை. பின்னையதை அலுமினாப் பீங்கான் அலகுகளினுள்ளேயே கலந்து, அலகு தேயத் தேய மென்படலம் தானே உண்டாகுமாறு செய்துள்ளனர்.

உலோகத்தினுள்ளேயே உராய்வுநீக்கி இருத்தலும் உண்டு. சாம்பல்நிற வார்ப்பிரும்பை நீர்மமின்றியே கடைவது கம்மியர் அறிந்த வழக்கம். அதனுள் விரவிக் கிடக்கும் காரீயச் செதில்கள் சீவலை எளிதில் நொறுங்கச் செய்வதோடு அலகையும் வழுக்கவிடுகின்றன. எளிதில் வெட்டத்தக்க உருக்குகளில் மங்கனீசுச் சல்பைட்டும் ஈயமும் இத்தொழிலைச் செய்கின்றன.

பொடியை வெட்டுமிடத்திற்குக் கொண்டுசேர்ப்பதே கடினம். பசையிற் குழைத்துப் பூசுதல், அலகின் முகத்திற் சிறு குழிகள் அமைத்து நிரப்புதல், மணிக்குச் சில பத்து மில்லிலீற்றரளவே தெளிக்கப்படும் எண்ணெயிற் கலந்து ஊதுதல் எனப் பல வழிகள் முயலப்படுகின்றன. இவற்றுள் இறுதியாகக் கூறியதே நடைமுறைக்குக் கிட்டியது. பொடி மட்டும் வெப்பத்தைச் சுமந்து செல்லாது; சீவலைக் கழுவியும் தள்ளாது. ஆழ்துளை இடுங்கால் சீவல் உள்ளே நெருங்கி அலகை முறித்துவிடும். அங்கே நீர்மம் இன்றியமையாதது. அன்றியும் காரீயத் தூள் மின்னைக் கடத்தும். பொறியின் மின்னாளிகளுள் அது படியாதவாறு உறிஞ்சி அகற்றும் ஏற்பாடின்றி அதனைத் தொழிற்கூடத்தில் ஊதுதல் தகாது.